படகு வரும் நேரத்து வயிற்றுவலி

ஊர்த் தலைவர் முத்துராஜுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஏரியில் நல்ல மீன் விழும் இடத்துக்கு எல்லாருக்கும் ஆசை. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு நாள் முறை வைத்து வலை கட்டுவார்கள். அதற்குப் பெயர் பாடு. பத்தொன்பது வருஷமாக அதில் ஒரு வெட்டுக்குத்து வரவிட்டதில்லை. அந்தப் பெருமையில் அவருடைய மீசை எப்போதும் சற்று மேல்நோக்கியே இருக்கும்.

அன்று செல்வம்மாள் வந்து நின்றது மீன் விவகாரமாக அல்ல. அவள் மகள் ஜமுனா பத்தாம் வகுப்பு. ஆடி மாதத்தில் பள்ளிக்கூடப் படகிலிருந்து இறங்கும்போது சேற்றில் விழுந்து, கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து கரையேறினாள். அன்றிலிருந்து அவள் படகில் ஏறினால் மற்ற பதினோரு பிள்ளைகளும் இரண்டு விரலை நண்டுக் கொடுக்குப் போலத் திறந்து மூடுவார்கள்; சேற்று நண்டு என்று அர்த்தம். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. வாத்தியார் விசாரித்தால், நாங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே என்பார்கள். உண்மைதானே.

இப்போது மூன்று வாரமாக ஜமுனா பள்ளிக்கூடம் போகவில்லை. சோறு இறங்குவதில்லை, தூக்கமில்லை, தினமும் படகு வரும் நேரத்துக்கு வயிற்றுவலி. பொன்னேரியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, மனசில்தான் என்றார். மனசுக்கு எங்கே ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று செல்வம்மாளுக்குத் தெரியவில்லை. இப்படியே போனால் பரீட்சை போய்விடும் என்றாள். பெண்ணே போய்விடுவாளோ என்ற பயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எல்லாம் நடிப்பும்மா," என்றார் முத்துராஜ். சேற்று நண்டு இன்றைக்கு என்ன விலை போகிறது, ஏற்றுமதிச் சரக்கு, அந்தப் பெயர் கிடைக்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்றும் எடுத்துச் சொன்னார். செல்வம்மாள் நகரவில்லை. தீர்ப்புக் கொடுத்தால்தான் போவாள் போலிருக்கிறது என்று கண்ணை மூடி யோசித்தார். எல்லாக் கிண்டலும் ஒரே பிள்ளைமேல் விழுவது அநியாயம்தான்.

"பாடு போட்டுடலாம்," என்றார்.

பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு நாள் கிண்டல். ஊர்ச்சபை அந்த நியாயத்தில் அசந்துபோனது. சீட்டுக் குலுக்கினார்கள். திங்கட்கிழமைச் சீட்டில் விமல் பெயர் வந்தது. தலைவரின் மகன், விரல் கொடுக்கை முதலில் கண்டுபிடித்தவனும் அவன்தான். ஆம்பளைப் பையன், தாங்குவான் என்று முத்துராஜ் சிரித்தார்.

தன் முறை இல்லை என்ற தைரியத்தில் ஜமுனாவும் திங்கட்கிழமை படகேறினாள். விமலுக்குக் காது கொஞ்சம் பெரிது. போகும்போதும் வரும்போதும் படகு மொத்தமும் காதோரம் கையை முறம் மாதிரி விசிறியது. சாயங்காலம் அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றுவலி என்றான்.

"உன் பாடு நேத்தோட முடிஞ்சிச்சேடா. இன்னும் இன்னா?"

"யாரும் நிறுத்த மாட்டாங்க நைனா." திரும்பாமலே சொன்னான். "ஜமுனா மட்டுந்தான் கை ஆட்டல."

முத்துராஜ் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. ஒன்றுமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

செருப்புக்கூடப் போடாமல் செல்வம்மாள் வீட்டுக்குப் போய், அந்தப் பாடு ரத்து என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. பிறகு குரலைத் தணித்து, "எம்புள்ளைக்கும் வயித்துவலி," என்றார்.

"நடிப்பா இருக்கும் தலைவரே," என்றாள் செல்வம்மாள்.

ஜமுனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தொப்புளுக்கு மேலா கீழா என்று டாக்டர் மாதிரி விசாரித்தாள். மேலே என்றார்.

"அதேதான். படகு போயிடுச்சின்னா நின்னுடும். மறுநாள் திரும்ப வரும்." புத்தகப் பையை எடுத்து வாசலில் வைத்தாள். "பக்கத்துல யாராச்சும் உக்காந்தா கம்மியாவும். வரச் சொல்லுங்க மாமா, நான் உக்கார்றேன். ஆனா என் பையை அவன்தான் தூக்கணும்."

அன்று தலைவரும் படகில் ஏறி, இரண்டு பேருக்கும் எதிரே உட்கார்ந்தார். யார் விரலும் அசையவில்லை. இனி பரீட்சை முடியும்வரை தினமும் வருவேன் என்று பொதுவாக அறிவித்தார். பாதி ஏரி தாண்டிய பிறகு ஜமுனா பக்கம் குனிந்தார்.

"டீக்கடையில நானும் ஒரு தரம் உன்னப் பாத்து விரல ஆட்டிட்டேன் கண்ணு. தப்புதான்."

ஜமுனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தரம் மாமா," என்றாள்.