தூங்குகிற சிறகி

1

இந்தக் கதை எனக்குக் கதவிடுக்கு வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்காது; ஆனால் நடந்தது அதுதான். என் மனைவி ராதாமணி, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட வெளியே துணி கொடுத்து வாங்குகிறவள். வாங்கிப் போகிற பெண்களில் ஒருத்தி சைனப், சிம்மக்கல் வெங்காய மண்டியில் எடை போடுகிற யூனுஸின் மனைவி. முடித்த துணியைக் கொடுக்க வந்தால் இரண்டு பேரும் உள்ளறையில் உட்கார்ந்து பேசுவார்கள். முன்னறையில் நான் எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது எழுதுகிற மாதிரி இருப்பேன்.

போன வாரம் சைனப் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முக்கியமான இடத்தில் எனக்கு இருமல் வந்து தொலைத்தது. பேச்சு நின்றது. ராதாமணி எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். மீதிக் கதை சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்துவிட்டது.

"அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்று ரசத்தை ஊற்றினாள்.

(எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அவள் பேசுவதைத் தமிழில் எழுதும்போது பாதிக் காரம் போய்விடுகிறது. வாசகர்கள் கூட்டிக்கொள்ளவும்.)

ஆக, இந்தக் கதையின் முடிவு என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என்னிடம்தான் இல்லை.

2

பொங்கல் மலருக்குக் கதை வேண்டுமென்று பத்திரிகை ஆசிரியர் ஆள் விட்டிருக்கிறார். உலகச் சண்டை முடிந்தும் காகிதப் பஞ்சம் தீரவில்லை, சுருக்கமாக எழுது என்று கட்டளை. தொடக்கத்திலேயே காகிதத்தை வீணாக்கக் கூடாது.

முதல் தொடக்கம்: "மார்கழிப் பனி மூடிய கண்மாயில் ஆயிரமாயிரம் பறவைகள் சிறகடித்து—"

பொய். காக்கையையும் கோபுரத்துப் புறாவையும் தவிர எந்தப் பறவையையும் நான் நின்று பார்த்ததில்லை. சைனப் சொன்னதோ ஒரே ஒரு பறவை.

இரண்டாவது தொடக்கம்: "மணப்பெண் சைனப், விதியின் அழைப்பைக் கேட்டவள்போல் கண்மாய்க் கரைக்கு—"

இதை ராதாமணி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"விதியா அழைச்சுது? கொல்லைக்குப் போனா. கல்யாணப் பொண்ணுன்னா போக வேண்டாமா? நீங்க எழுதுற கதையில ஒருத்தரும் கொல்லைக்கே போறதில்லை, பாவம், எப்படித்தான் இருக்காங்களோ."

அடித்துவிட்டேன். சைனப் கொல்லைக்குப் போனாள் என்றே வைத்துக்கொள்வோம்.

3

ஊர்ப் பழக்கத்தைச் சொல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது.

திருவாதவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய். ஐப்பசி மழையில் தண்ணீர் பெருகினால், எங்கிருந்தோ சிறகிகள் வந்து இறங்கும். சிறகி என்பது வாத்து ஜாதி, வாத்தைவிடச் சின்னது.* மாசி வரை இருக்கும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்பது ஊரின் நம்பிக்கை. சத்தம் கேட்டால் கிளம்பிவிடும், கிளம்பினால் அந்த வருஷம் திரும்பாது என்பதும் நம்பிக்கைதான். ஆகவே முதல் சிறகியைக் கண்ணால் கண்டவர் யாரானாலும், மடை திறக்கிற வீரணனிடம் ஆள் விட்டாவது "வந்துருச்சு" என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன நிமிஷத்திலிருந்து ஊரில் வேட்டு இல்லை, கொட்டு இல்லை. பிணம்கூடப் பேசாமல்தான் போகும்.

கண்டுவிட்டுச் சொல்லாதவருக்கு? அவருக்கு அந்தக் கண்மாயில் கை நனைக்க உரிமை கிடையாது. "அப்படி யாரும் இருந்தாங்களா?" என்று ராதாமணி கேட்டாள். "ஒருத்தர் இருந்தாகக்கா. ரங்கூனுக்குப் போயிட்டாக" என்றாள் சைனப்.

(* சிறகியை அறிந்த வாசகர்கள், நான் எழுதியதில் பிழை கண்டால் தயவுசெய்து எனக்கு எழுதவும். ஆசிரியருக்கு வேண்டாம்.)

4

சைனப்பின் கல்யாணம் சண்டைக்கு முந்திய காலம். அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. கார்த்திகை முடிந்தும் ஒரு சிறகி ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஊரே கவலைப்பட்டபோது மனசுக்குள் சந்தோஷப்பட்டது ஒரே வீடு, கல்யாண வீடு.

காரணம், மாப்பிள்ளை யூனுஸின் மாமா நாகூர் கனி. மண்டி முதலாளி. நிச்சயத்தன்றே சைனப்பின் அத்தா சேக் இஸ்மாயிலிடம் சொல்லிவிட்டார்: "வேட்டு இல்லாத கல்யாணமும் மவுத்து விழுந்த வீடும் ஒண்ணுதான். நாங்க வர்ற அன்னைக்குச் சத்தம் கூடாதுன்னா, கரையிலேயே வண்டியத் திருப்பிருவேன்." பறவை வராவிட்டால் வேட்டுப் போடலாம் என்று அத்தா வாக்குக் கொடுத்தார். திரும்பிப்போன வண்டிக்கு அப்புறம் அந்தப் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?

நாகூர் கனியை 'பணத்திமிர் பிடித்தவர்' என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்தாயிற்று. முந்திய வருஷம் அவருடைய ஒரே மகன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இதுதான் முதல் நல்ல காரியம். மனுஷனுக்குச் சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று காலை. கையில் மருதாணி சிவக்க, சைனப் கொல்லைக்குப் போனாள். கொல்லையை ஒட்டிக் கண்மாய். ஆம்பல் இலைகளுக்கு நடுவே தவிட்டு நிறத்தில் என்னவோ தெரிந்தது. முதலில் மண்ணாங்கட்டி என்று நினைத்தாளாம். பிறகு பார்த்தால் சிறகி. தலையைத் திருப்பி முதுகில் செருகிக்கொண்டு தூங்கியது.

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துச்சோ. நான் அம்புட்டுப் பக்கத்துல நிக்கேன், அதுக்குத் தெரியலக்கா. அசந்து தூங்குது" என்றாள் சைனப். கதவிடுக்கில் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மா மைதீன் பீவி அடுப்படிப் புகையில். அத்தா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் வண்டிமாடுகளின் சலங்கை கேட்டது. சைனப் வாயைத் திறந்தாள்.

இங்கேதான் நான் இருமினேன்.

5

வேட்டு வெடித்தது. அதில் சந்தேகமில்லை. வெங்காயம் வாங்குகிற சாக்கில் யூனுஸிடமே கேட்டுவிட்டேன். "காது அடைச்சுப்போச்சுண்ணே! எங்க மாமா சிரிச்சுக்கிட்டே அழுதாக. அன்னைக்குத்தான் மனுசன் மறுபடி மனுசனானாக." அந்த வருஷம் கண்மாய்க்கு வேறு சிறகி வரவில்லை. ஊர் மழையின் மேல் பழி போட்டது. மறு வருஷம் வந்துவிட்டன.

பறவையை மறைத்தது யார்? எனக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

முடிவு அ: வாயைத் திறந்த சைனப் மூடிக்கொண்டாள். "என்னம்மா?" என்றார் அத்தா. "ஒண்ணுமில்லத்தா" என்று தலை சீவ உட்கார்ந்தாள்.

முடிவு ஆ: சைனப் சொல்லிவிட்டாள். அத்தா கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, "அது மண்ணாங்கட்டிம்மா. நீ ஒண்ணும் பாக்கல. போயித் தலையச் சீவு" என்றார்.

முடிவு இ: (இது என் ஆசை.) சைனப் சொன்னதும் செய்தி வண்டிக்குப் போனது. யூனுஸ் வண்டியிலிருந்து குதித்து, "மாமா, வேட்டு வேண்டாம்" என்று—

ராதாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். "யூனுஸா? இன்னைக்கும் மாமாகிட்ட லீவு கேக்கப் பொண்டாட்டியத்தான் அனுப்புறான்."

சரி, இ போயிற்று. அ, ஆ இரண்டும் நிற்கின்றன. தடயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் அந்த ஊரிலிருந்து கத்திரிக்காய் மூட்டையோடு சிம்மக்கல் சந்தைக்கு வருகிற பால்பாண்டி, மண்டி வாசலில் நின்று சைனப்புக்குச் சொல்லிவிட்டுப் போவானாம்: "வந்துருச்சாம். உங்க அத்தா சொல்லச் சொன்னாக." வேறு சேதி இருக்காது. அன்று மட்டும் சைனப் முடிச்சுப் போடத் துணி வாங்குவதில்லை.

மகளிடம் அத்தா மன்னிப்புக் கேட்கிறாரா? அல்லது ஒன்றும் அறியாத மனுஷன், பிறந்த ஊரின் நல்ல சேதியைச் சொல்லியனுப்புகிறாரா? எப்படிப் படித்தாலும் பொருந்துகிறது.

6

"பேரையும் ஊரையும் மாத்திடறேன். இப்பவாவது சொல்லு" என்றேன்.

"எதை மாத்துவீங்க? சிறகிக்காக வாயைப் பொத்துற ஊரு இந்தச் சீமையில எத்தனை இருக்கு? படிக்கிறவனுக்கு அடுத்த நிமிஷம் தெரிஞ்சிடும். அவ மறைச்சான்னு எழுதினா, அவ பிறந்த வீட்டுக்குப் போக முடியாது. அவ அத்தா மறைச்சாருன்னு எழுதினா, அந்த வயசான மனுஷன் இனிமே எந்தத் தண்ணியில கை கழுவுவாரு?"

பழக்கத்தையே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் ஒரு கல்யாணம், ஒரு வேட்டு, ஒரு வாத்து. கதை இல்லை. அப்படியானால் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கோபத்தில் கத்தினேன். காகிதப் பஞ்சக் காலத்தில் கிழிக்க மனசு வரவில்லை என்பது வேறு விஷயம்.

நேற்று சைனப் வந்தாள். துணியைக் கொடுத்துவிட்டு, எப்போதும் இல்லாத வழக்கமாக, என் அறைக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அண்ணே, அக்கா சொன்னாக. எழுதுறீகளாமே."

எழுதிய காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். "நீங்க வேண்டாம்னா எழுதலம்மா" என்றேன்.

"எழுதுங்கண்ணே. ஆனா வேட்டு வரைக்கும் போகாதீக. அதுக்கு முந்தியே நிறுத்திருங்க." கிளம்பப் போனவள் திரும்பினாள். "அது எம்புட்டு நேரம் தூங்குச்சுன்னு எனக்குத் தெரியாதுண்ணே. நான்தான் உள்ள ஓடியாந்துட்டேன்ல. இன்னும் செத்த நேரம் தூங்கட்டும். வாரேன்."

போய்விட்டாள். ராதாமணி என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

வேட்டு வெடித்தது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தக் காகிதத்தில் அது இன்னும் வெடிக்கவில்லை. வண்டிகள் கரைமேல் வந்துகொண்டிருக்கின்றன. நாகூர் கனி மடியில் நெருப்புப் பெட்டியைத் தடவிப் பார்க்கிறார். அத்தா பந்தல்காலை விடவில்லை. சைனப் வாயைத் திறந்திருக்கிறாள். சொல்லப்போகிறாளா, மூடப்போகிறாளா, நீங்களும் கேட்காதீர்கள். ஆம்பலுக்குள் அது தூங்குகிறது.

பக்கத்தைத் திருப்புகிறவர்கள், சத்தம் வராமல் திருப்புங்கள்.