காற்று போகும் தாள்

சிவசங்கரனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மதுமதிக்கு டேங்கு ஞாபகம் வந்தது. புருஷன் உடம்பில் இன்னும் சூடுகூட ஆறவில்லை, புத்தி போகிற இடத்தைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது நகரவில்லை.

டேங்கு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. ஏரலிலிருந்து சென்னைக்குப் போகிற வாழை இலைக் கட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றினால் வேர்த்து அழுகும், சுற்றாவிட்டால் வாடும். ஆவி மட்டும் வெளியே போகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோடு ஒரு தாள் செய்ய வேண்டும் என்று கிளம்பியவன் சிவசங்கரன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பை வியாபாரத்தையும் அதற்காக விட்டான். பெற்றவளே அவனைக் கேலி செய்தாள். "பையில ஓட்டை விழக் கூடாதேன்னு ஊரு பாக்கு, எம்மவன் ஓட்டை போடுததுக்கு மிஷின் வாங்குதான்" என்பாள்.

கலர், சோடா போடுகிற கம்பெனிக்கு வருகிற காஸ்தான் அவனுடைய ஊசி. தாளை டேங்குக்குள் போட்டு மூடி அழுத்தத்தோடு காஸை ஏற்றினால், சோடாவில் இறங்குகிற மாதிரி தாளுக்குள் இறங்கிவிடும். திறந்த உடனே கொதிக்கிற தண்ணீரில் முக்க வேண்டும். உள்ளே போன காஸ் பொடிப் பொடிக் குமிழாகக் கிளம்பி, கண்ணாடி மாதிரி இருந்த தாள் வெள்ளையாகும். வெள்ளை எப்போதும் வந்தது. குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிவிட்டதுதான் இல்லை. வாயில் வைத்து ஊதினால் இந்தப் பக்கத்துக் காற்று இந்தப் பக்கத்திலேயே நின்றது.

நேற்றுச் சாயங்காலம் எதையோ மாற்றிப் போட்டு மூடினான்.

"இந்தத் தடவ வரும் பாரு."

"வரலன்னா?"

"வரலன்னா பழைய பை யாவாரத்துக்கே போயிருதேன். உனக்கும் நிம்மதி."

என்ன மாற்றினான் என்று கேட்டதற்கு, காலையில் திறந்துவிட்டுச் சொல்கிறேன் என்று சிரித்தான். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன், ஆட்டோ வருவதற்குள் சாய்ந்துவிட்டான். அவன் கடைசியில் கண்டுபிடித்தானா, இல்லையா? அதைச் சொல்ல அந்தத் தாளை விட்டால் இனி வேறு ஆள் கிடையாது.

மூடியிருக்கிறவரை தாள் கெடாது. ஆண்கள் ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டில்தானே இருக்கப் போகிறோம், அப்போது திறந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். போட்டாலும் இருக்க முடியவில்லை. காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். கடைசியில் மாமியார் பிரம்மநாயகியிடம் கேட்டேவிட்டாள்.

"அத்தை, எப்ப எடுப்பாவ?"

சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிரம்மநாயகி மகன் முகத்தில் உட்கார்ந்த ஈயை விசிறியால் ஓட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. தெருவில் லாரி நிற்கிறது என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். மதுமதி பதறி எழுந்தாள். இரண்டு பெண்கள் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள்.

"அழட்டும், அழட்டும். பிடிச்சுக்கோங்க, விழுந்திராம."

கொல்லை வாசல் வழியாக மகேஷ் வந்தான். சிவசங்கரனின் தம்பி. நெல்லை டவுணில் பள்ளிக்கூட வாத்தியார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் தாள் தொங்கியது.

"மதினி, காஸ் டேங்கு ஆளில்லாம கெடக்கே, வெடிச்சுகிடிச்சிருமோன்னு பையப் பைய தொறந்துவிட்டுட்டேன். உள்ள இது கெடந்துச்சு." குனிந்து மாலையை விலக்கி, தாளை அண்ணன் மார்மேல் விரித்துப் போட்டான். "அண்ணனுக்கு இதுதான் உசுரு. கூடவே போகட்டும்."

அவ்வளவுதான், அடங்கியிருந்த அழுகை மறுபடி கிளம்பியது. அண்ணனுக்கு இதைவிடப் பாசமாக ஒரு தம்பி எதையும் செய்துவிட முடியாது. மதுமதிக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. மெல்லிய தாள், காஸ் ஒவ்வொரு நொடியும் வெளியேறிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் போனால் வெறும் பிளாஸ்டிக்.

தோளிலிருந்த கைகளை உதறிவிட்டுத் தாளை உருவினாள். மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

"ஏட்டி! சவத்து மேல போட்டத எடுக்கக் கூடாதுட்டி!" யாரோ கத்தினார்கள்.

"இன்னும் முடியல அத்தை" என்றாள் மதுமதி, மாமியாரை மட்டும் பார்த்து. "அவுக வேல பாதியில நிக்கி. வெந்நியில போடணும்."

பிரம்மநாயகி மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டாள்.

கொட்டகையில் இருக்கிற வெந்நீர்த் தொட்டி சூடாவதற்குள் காஸ் எல்லாம் போய்விடும். சவம் கிடக்கிற வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். வந்தவர்களுக்குக் காப்பி அடுத்த வீட்டு ஜனாபா வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கூந்தல் அவிழ்ந்தபடி மதுமதி வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அடுக்களை வாசலில் கால் தயங்கியது.

"அக்கா, நான் இன்னைக்கு உள்ள வரலாமா?"

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஜனாபா திரும்பினாள். "என்ன கேள்வி இது? வா தாயி."

அடுப்பில் குண்டான் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மதுமதி இடுக்கியால் தாளின் நுனியைப் பிடித்து முக்கினாள். ஓரத்திலிருந்து வெள்ளை ஏறியது. நடுவில் இன்னும் கண்ணாடியாகவே இருந்தது. பிறகு அதுவும் வெளுத்தது. எடுத்து உதறினாள். வெள்ளையைப் பார்த்து அவள் ஏமாறத் தயாராக இல்லை. எத்தனை வெள்ளையைப் பார்த்தாயிற்று.

"அக்கா, உங்க கையக் காட்டுங்க. துடைக்காதிய."

ஜனாபா ஒன்றும் புரியாமல் ஈரக் கையை நீட்டினாள். மதுமதி தாளை அதன் முன்னால் இழுத்துப் பிடித்து, வாயைப் பொருத்தி ஊதினாள்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்லையே."

இன்னொரு இடத்தில் ஊதினாள். ஜனாபா உதட்டைப் பிதுக்கினாள். தாளை நடுப்பக்கமாகத் திருப்பி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து ஊதினாள்.

ஜனாபாவின் விரல்கள் அசைந்தன. "இரு. இன்னொருக்கா ஊது." கொஞ்சம் பொறுத்து, "காத்து வருது. சில்லுன்னு வருது பாரு" என்றாள்.

மதுமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே திரும்பி, வேலிப் படலைத் தள்ளி, முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினாள்.

"ஏங்க, வந்துட்டு!"

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பிரம்மநாயகி மட்டும் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, மகன் தலைமாட்டில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். மதுமதி நிலைப்படியிலேயே நின்றாள். தாளிலிருந்து வெந்நீர் சொட்டுச் சொட்டாக அவள் காலில் விழுந்தது.