பதினான்காம் படுக்கைக்குப் போன ஊசி

ஆண்கள் வார்டில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ் சிஸ்டர்’ என்று பெயர். பன்னிரண்டு வருட ஓட்டத்தில் கிடைத்த பெயர். அன்று காலை அந்த ஓட்டமும் போதவில்லை. முப்பத்திரண்டு நோயாளிகளுக்கு அவள் ஒருத்திதான். மூன்று நர்ஸுகள் அந்த மாதம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். நான்காமவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

ஒரு பக்கம் டிரிப் தீர்ந்து மெஷின் கத்தியது. இன்னொரு பக்கம் போன் அடித்தது. அவள் இன்சுலின் ஊசியோடு பதினான்காம் படுக்கைக்கு ஓடினாள்.

“எனக்குச் சுகரே இல்லையேம்மா,” என்றார் அங்கே படுத்திருந்த தபால்காரர். “இங்க இருந்தவரு நேத்தே ஜன்னலோரம் மாறிட்டாரே.”

அவள் ஊசியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். “நல்லவேளை சொன்னீங்க. மன்னிச்சிருங்க ஐயா.”

“அது கிடக்கட்டும். காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சியா நீ?”

உரியவருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, நடந்ததை மறைக்காமல், தவறுகளைப் பதியும் படிவத்தில் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ‘ஆள் பற்றாக்குறை.’

மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, ஏன் வம்பை விலைக்கு வாங்குற? கவனக்குறைவுன்னு மாத்திப் போடு. இல்லேன்னா மேலேருந்து என்னைக் குடைஞ்செடுப்பாங்க.”

“என் கவனம் குறைஞ்சது நிஜம்தான் மேடம். ஒருத்தி கவனத்தை முப்பத்திரண்டாப் பிச்சா எவ்வளவு தேறும்? மதியம் நீங்களே வந்து மருந்து குடுத்துப் பாருங்க.”

சொன்ன பிறகுதான் திக்கென்றது.

ஆனால் மேட்ரன் வந்தார். பத்துப் படுக்கை தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு மாத்திரையைத் தப்பான கிண்ணத்தில் போட்டு, தானே பார்த்து எடுத்தார். மூன்று மணிக்குப் படிவத்தை வாங்கி, அவள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் இரண்டு புது நர்ஸுகள் வந்தார்கள். ஒருத்தி பத்தே நாளில் அழுதுகொண்டே போய்விட்டாள். மற்றவள் தாக்குப்பிடித்தாள்.

“நீயும் விட்டுடேன்,” என்றான் கணவன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது.

“பாக்கலாம்,” என்றவள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனை எடுத்தாள். “ஆறாம் படுக்கைக்குக் காய்ச்சல் இறங்குச்சான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்.”