இடம்பெயர்ந்த பன்னிரண்டு பேர்

ராமமூர்த்தி சார் ஒரு வெள்ளைத் தாளில் இருபத்தேழு பேரையும் கட்டம் கட்டி அடைத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். தலைப்பு 'மாணவர் விவரம்'. ஆண்கள் பதினொன்று, பெண்கள் பதினாறு. அதுவரை சரி. அதற்குக் கீழே சாதிவாரியாக ஒரு வரிசை. ஹெலன் அதை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். முப்பத்து நான்கு வந்தது. இன்னொரு முறை கூட்டினாள். அதே முப்பத்து நான்கு.

அவளைப் பட்டியலினத்தில் ஒரு தடவையும், பிற்படுத்தப்பட்ட கிறிஸ்தவரில் ஒரு தடவையும், சிறுபான்மையினரில் ஒரு தடவையும் எண்ணியிருக்கிறார். ஒரே உடம்புக்கு மூன்று கட்டம். கணக்கு வராதவள் என்று இவர் திட்டாத நாளில்லை. அந்த மனிதர் கூட்டிய லட்சணம் இது.

ஆம்பூரில் பைபாஸை ஒட்டிய அரசுப் பள்ளியின் பின்கட்டடத்தில், மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நடக்கிறது அந்த மாற்றுக் கல்வி மையம். பாதியில் படிப்பை விட்டவர்களைப் பிடித்து உட்கார வைத்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைக்க அரசாங்கம் நடத்துவது. வருகிறவர்கள் எல்லாம் ஷூ கம்பெனி, தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்கள், வீட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற பெண்கள். பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ராமமூர்த்தி சார்தான் பொறுப்பாளர். பாதி நாள் பாடம் நடத்துவார். மீதி நாள் கட்டம் போடுவார்.

ஹெலனுக்கு முப்பத்தெட்டு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே முப்பதைத் தாண்டித்தான். ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் பதினொரு வருஷம். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. ஜூனில் அவளுடைய லைனுக்கு சூப்பர்வைசர் வேலை காலியாகிறது. உட்கார நாற்காலி உண்டு. வேலை அவளுக்குத் தெரியும், மேனேஜருக்கும் அது தெரியும். ஆனால் ஆபீசில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "டென்த் சர்ட்டிபிகேட் கொண்டா, ஹெலன்." அதற்காகத்தான் இந்தப் பெஞ்சு, இந்த ராமமூர்த்தி, இந்த எல்லாக் கருமமும். பரீட்சை விண்ணப்பம் அவருடைய கையெழுத்தும் சீலும் இல்லாமல் நகராது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் சார் பன்னிரண்டு பேரை வாசித்தார். ஹெலன் பெயர் இருந்தது. தோல் ஷாப்பில் பீப்பாய் உருட்டுகிற ரத்தினசாமி பெயரும் இருந்தது.

"சனிக்கிழமை ஜில்லா ஆபீசுலேர்ந்து இன்ஸ்பெக்ஷன் வர்றாங்க. இந்தப் பன்னெண்டு பேரும் வர வேணாம். உங்களுக்கு லீவு, வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"இன்னா சார், எங்களுக்கு மட்டும் இவ்ளோ பாசம்?" என்றார் ரத்தினசாமி.

"கூட்டம் ஜாஸ்தியா இருந்தா ரூம்ல எடம் பத்தாது."

இருபத்தேழு பேர் தினமும் உட்காருகிற அறை. சனிக்கிழமை மட்டும் சுருங்கிவிடும் போலிருக்கிறது.

ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது வஜீதா வந்து ஹெலன் கையைப் பிடித்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண். எட்டாவதில் நிறுத்திவிட்டார்கள். மையத்திலேயே நன்றாகப் படிக்கிறவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சார் தன் ரிஜிஸ்டர் வேலையை எல்லாம் அவள் தலையில் கட்டியிருந்தார்.

"ஹெலன்க்கா, யார்கிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க பேருக்கு நேரா 'இடம்பெயர்ந்தார்'னு எழுதச் சொன்னாரு. திருப்பூருக்கு. பன்னெண்டு பேரும் திருப்பூருதான். தேதி அடுத்த திங்கக்கெழம."

"திங்கக்கெழம நான் திருப்பூரு போறது எனக்கே தெரியாதே."

"பரீட்சைக்குப் பதினஞ்சு விண்ணப்பம்தான் போவுதாம். போன வருசம் இருபத்தேழுல ஒம்பது பேருதான் பாஸு. இந்த வருசம் நூத்துக்கு அறுபது பேரு பாஸ் ஆவலன்னா மையத்தையே மூடிடுவாங்களாம்."

"அப்ப பதினஞ்சு பேருன்னே காட்ட வேண்டியதுதானே?"

"இன்ஸ்பெக்ஷன்ல இருபத்தஞ்சு தலைக்குக் கம்மியா இருந்தாலும் மூடிடுவாங்களாம்க்கா."

ஹெலனுக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன? பதினொரு வருஷமாக அவள் செய்கிற காரியம் இது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு ஆள் கம்பெனிக்கு வருகிற நாளில், கறை பட்டது, பசை வழிந்தது, தையல் கோணியது எல்லாவற்றையும் கோணியில் கட்டி கேன்டீன் பின்னால் தள்ளிவிடுவார்கள். அவளே தள்ளியிருக்கிறாள். மூட்டையின் மேல் கிழிந்த தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து லைனில் நின்றிருக்கிறாள். அந்த ஆள் மினுமினுப்பான ஜோடிகளை எடுத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான். அந்தக் கோட்டு சூட்டுக்காரனை அவள் மனசுக்குள் முட்டாள் என்று நினைத்ததுண்டு. இப்போது தன்னையே கோணியில் போட்டுக் கட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மற்ற பத்துப் பேருக்கும் சொல்லியனுப்பினாள். சனிக்கிழமை நேரே போய் நிற்போம் என்றாள். எல்லாரும் "சரிம்மா, சரிம்மா" என்றார்கள். சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு அவள் பள்ளி வாசலுக்கு வந்தபோது நின்றது ரத்தினசாமி மட்டும்தான். தோல் ஷாப்பிலிருந்து நேரே வந்திருந்தார். நகமெல்லாம் தோல் ஊறவைக்கிற பட்டைச்சாறு ஏறிக் கறுத்திருந்தது.

"மத்தவங்க?"

"அவங்கல்லாம் நெஜமாவே திருப்பூரு போய்ட்டாங்க போலக்குது," என்றார். "சார பகைச்சிக்க பயம். பயந்தாங்கொள்ளிங்க. வா, நாம போவோம்."

வகுப்பறை ஜன்னலோரம் போய் நின்றார்கள். உள்ளே அறை நிறைந்திருந்தது. பதினைந்து முகம் தெரிந்த முகம். மற்ற பன்னிரண்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்கு வந்ததுகளை முன்கட்டடத்திலிருந்து பிடித்து வந்திருக்கிறார். யூனிபார்ம் வேண்டாம், கலர் டிரஸ் போட்டு வா என்று முன்னாடியே சொல்லிவைத்திருப்பார் போல. ஒரு பெண் அம்மாவுடைய புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து, கொசுவம் அவிழாமல் இருக்க வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. தலையும் வேண்டும், தலைக்குள் சரக்கும் வேண்டும் என்றால் இதைவிட என்ன செய்வார் பாவம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி சூரியபிரகாஷ். முழுக்கைச் சட்டை, இரண்டு போன். மேஜையில் கோப்பு விரிந்திருந்தது. ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே மறு கையால் பெயர்களுக்கு டிக் அடித்தார்.

"ரத்தினசாமி. வயது ஐம்பத்தொன்று. தோல் தொழிற்சாலை. பிள்ளைகள் மூன்று."

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "உள்ளேன் ஐயா." குரல் இன்னும் உடையவில்லை.

அதிகாரி நிமிரவில்லை. டிக் அடித்தார்.

ஜன்னலுக்கு வெளியே நிஜ ரத்தினசாமி வாயைப் பொத்திக்கொண்டார். "அடப்பாவி. எனக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே மூணு புள்ளையா?"

"ஹெலன். வயது முப்பத்தெட்டு. காலணித் தொழிற்சாலை. திருமணமானவர். போர்டுக்கு வாங்க. ஒரு கணக்கு போடுங்க."

புடவைக்காரப் பெண் எழுந்து போனது. எக்ஸ் ஸ்கொயர், ஒன்பது எக்ஸ், இருபது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, காரணிப்படுத்தி, விடையின் கீழ் இரண்டு கோடும் இழுத்துவிட்டது. ஹெலன் மூன்று மாதமாக முட்டி மோதியும் பிடிபடாத கணக்கு. அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

"வெரி குட்," என்றார் அதிகாரி, போனில் எதையோ தட்டிக்கொண்டே. "குடும்பம், வேலை எல்லாத்தையும் வெச்சிக்கிட்டு இந்த வயசுல படிக்கிறீங்க பாருங்க. வெரி குட். கணக்கு, ஏ கிரேடு."

ராமமூர்த்தி சார் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பெற்ற தகப்பன் கூட அப்படிப் பெருமையாகச் சிரித்திருக்க மாட்டான்.

ஹெலனுக்கு அப்போது வந்தது கோபம் கூட இல்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஆளென்று ஒருத்தர் இருக்க வேண்டும். இங்கே ஒருத்தர் பார்க்காமலேயே எழுதுகிறார், இன்னொருத்தர் எழுதுவதற்காகவே ஆள் பிடிக்கிறார். அருவருப்பாக இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

செக்கிங்கில் வாய் பேசுகிற வழக்கம் கிடையாது. தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவ்வளவுதான். ஒட்டினவளிடம் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். தப்பைச் சரிபண்ணி, பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டால்தான் அம்பை உரிக்கலாம். ஷிப்டிலிருந்து நேரே வந்ததால் அம்புச் சுருள் ஏப்ரனோடு அவள் பைக்குள் கிடந்தது. எடுத்தாள். மேஜைக்குப் போய், விரிந்திருந்த கோப்பில் தன் பெயருக்கு நேராக ஒன்று ஒட்டினாள். ரத்தினசாமி பெயருக்கு ஒன்று. பிறகு, வராமல் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பத்துப் பேருக்கும் ஒவ்வொன்று.

"ஏய், ஏய். யாரும்மா நீ? கவர்மென்ட் பைல்ல என்னா ஒட்டற?" என்றார் அதிகாரி, கோப்பின் மேல் நகர்ந்த கையை மட்டும் பார்த்து.

"ஹெலன் சார். முப்பத்தெட்டு வயசு. காலணித் தொழிற்சாலை."

அதிகாரி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். பிறகு போர்டருகே சாக்பீசோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். "அப்ப நீ யாரு?"

"நைன்த் பி, சார்," என்றது அது. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தது.

"சார், இந்தம்மாவுக்கு அடிக்கடி இப்படித்தான், கொஞ்சம் மனசு..." என்று ராமமூர்த்தி சார் நடுவில் வந்தார்.

"மனசெல்லாம் நல்லாதான் இருக்குது சார்." எழுந்தது வஜீதா. பரீட்சை எழுதுகிற பதினைந்தில் இருப்பவள், வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு பேஜாரும் இல்லை. "இவங்கதான் ஹெலன்க்கா. ஜன்னல்ல நிக்கிறவருதான் ரத்தினசாமிண்ணன். இந்தப் பன்னெண்டு பேரையும் திங்கக்கெழம திருப்பூருக்கு அனுப்பப் போறாரு. நான்தான் எழுதினேன், தேதி கூட போட்டுட்டேன்."

இனி அந்த அதிகாரி எழுந்து கத்துவார், ராமமூர்த்தியின் சீட்டைக் கிழிப்பார் என்று ரத்தினசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சூரியபிரகாஷ் அப்படி எதுவும் செய்யவில்லை. போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அவருடைய முகம்தான் வெளுத்துக்கொண்டே வந்தது.

"யோவ் ராமமூர்த்தி. வருகை இருபத்தேழுன்னு போட்டோவோட ஆப்ல ஏத்திட்டேன்யா. கிரேடும் ஏத்திட்டேன். ஏத்தினத இறக்க முடியாது."

"சார், திங்கக்கெழம ஒரு சின்ன மாத்தம் பண்ணி..."

"இன்னா மாத்தம்? சனிக்கெழம உள்ள உக்காந்து ஏ கிரேடு வாங்கினவங்க திங்கக்கெழம கூட்டமா திருப்பூரு போனாங்கன்னா, மேல இருக்கறவன் காறித் துப்ப மாட்டான்? உன்னைய இல்லய்யா, என்னைய. இருபத்தேழு விண்ணப்பமும் போவணும். ஒண்ணு கம்மியானாலும் நீ காலி. இப்பவே என் கண்ணு முன்னாடி கையெழுத்து போடு."

ஆக, நியாயம் கிடைத்துவிட்டது. எதற்காக? ஒருத்தர் தன் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இவள் பதினொரு வருஷம் நின்ற காலுக்காக இல்லை. ஹெலனுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலவே தோன்றவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"சார், அந்த ஏ கிரேடு எனக்கு வாணாம். எனக்கு அந்தக் கணக்கு வராது. சீ போடுங்க."

"ஏத்தியாச்சும்மா!" என்று அவர் சீறினார். "ஏன்தான் உசிர எடுக்கறீங்களோ."

ராமமூர்த்தி சார் பீரோவைத் திறந்து பன்னிரண்டு விண்ணப்பத்தையும் எடுத்தார். நல்லவேளை, கிழித்துப் போடவில்லை. சீலைக் குத்திக் குத்திக் கையெழுத்துப் போட்டார். ஹெலன் தன்னுடையதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

"பொறந்த வருசம் தப்பா இருக்குது சார்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"வேற எழுதுங்க. பேனாவால திருத்தினா திருப்பி அனுப்பிடுவாங்க. புது ஃபாரம்."

அவர் அவளை முறைத்தார். அவள் மேஜை முன்னாலேயே நின்றாள். நிற்பது அவளுக்குப் புதிதல்ல. கடைசியில் புது ஃபாரம் எடுத்தார். எழுதிக்கொண்டே பல்லைக் கடித்தபடி சொன்னார்: "நீங்கல்லாம் ஃபெயிலாயி இந்த மையத்த மூடப் போறாங்க பாரு. அன்னிக்கு இந்த வஜீதாகிட்ட போய் பதில் சொல்லு."

அந்த வார்த்தை மட்டும் ஹெலனுக்கு உள்ளே தைத்தது. வஜீதா தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்தான விண்ணப்பங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய கெட்ட எண்ணத்திலும் அவ்வளவு உண்மை இருந்தது.

"மூடினா எங்கள காட்டி மூடட்டும் சார்," என்றாள் ஹெலன். "இல்லாதவங்கள காட்டித் தொறந்து வெச்சி யாருக்கு லாபம்?"

அதிகாரியின் ஜீப் போனது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் முன்கட்டடத்துக்கு ஓடின. ரத்தினசாமி தன் விண்ணப்பத்தில் பெயரை எழுத்து எழுத்தாக இழுத்து முடித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பரீட்சைக்கு நாலு வாரம்தான் இருக்குது, ஹெலனு. கணக்குக்கு இன்னா பண்ணப் போற?"

"இன்னா பண்றது? ஃபெயிலானா ஃபெயிலாவேன். என் பேருல நானே ஃபெயிலாவுறேண்ணா, வேற ஒருத்தி பாஸ் பண்ண வேணாம். மறுபடி எழுதறேன்."

"ஜூன்ல அந்த வேல?"

அவள் போர்டைத் திரும்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் சாவியோடு வாசலில் நின்று, பூட்ட வேண்டும் என்று இருமினான். போர்டில் அந்தப் பெண் போட்ட கணக்கு அழிக்காமல் அப்படியே இருந்தது. ஹெலன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"இருப்பா, ரெண்டு நிமிசம்," என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.