டைல்ஸ்காரர் வீட்டுக் கதவு

டைல்ஸ்காரர் வீட்டில் இப்போது கதவு என்று சொல்லிக்கொள்ள வாசலில் ஒன்றுதான். அதையும் கண்ணாடியில் போட்டிருக்கிறார். நாம் மணியடித்ததும் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வரும் அழகைப் பார்த்தே நம்மை எதிர்பார்த்தார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற இடமெல்லாம் வளைவு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே வளைவு, படுக்கையறைக்குப் போக வளைவு. தெருவில் எல்லோரும் போய்ப் பார்த்தாயிற்று. போகாதவர்கள் ரோட்டில் நின்றபடியே பார்த்தாயிற்று.

இவ்வளவுக்கும் காரணம் தன் மனைவி சிரித்த ஒரு சிரிப்புதான் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் பொய் இல்லை. எதைப் பார்த்துச் சிரித்தாள் என்பதில்தான் மனிதர் கோட்டை விட்டுவிட்டார்.

போன வருஷம் ஒரு டைல்ஸ் கம்பெனி, தன் சரக்கை நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களைக் குடும்பத்தோடு இரண்டு நாள் கடலோர ரிசார்ட்டில் தங்க அழைத்தது. குடும்பம் என்றால் மனைவி மட்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்ததால் மாமியார் வீட்டோடு நின்றுவிட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மாமியார் குரல் எட்டாத இடத்துக்கு டைல்ஸக்கா போனது அதுதான் முதல் தடவை. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். டைல்ஸுக்கும் அவளுக்கும் துடைப்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

ரிசார்ட்டில் டைல்ஸ்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கையால் தடவிப் பூசிய வெள்ளைச் சுவர், சோழி நிறத் தரை, சுவரோடு சேர்த்தே கட்டிய திண்டுகள், கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னல், மேலே ஆகாசமும் கீழே கூழாங்கல்லுமாக வெட்டவெளியில் ஒரு குளியலறை. நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தார். சுவரும் தரையும் சேரும் மூலையை எடுப்பதற்காக வரவேற்பறையில் குப்புறப் படுத்திருக்கிறார். மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று பயந்து யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்களாம். எழுந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கடைக்காரர்களுக்குக் கூட்டம். அக்கா அறையில் தனியாக இருந்தாள். அந்த அறைக்குக் கனமான ஒரு மரக்கதவு. உள்பக்கம் கட்டைவிரல் பருமனில் பித்தளைத் தாழ்ப்பாள். அதைப் போட்டுப் பார்த்தாள். எண்ணெயில் வழுக்குவது போலப் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திடுக்கிட்டுப் போனவளுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆள் இருக்கு."

"சரிங்கம்மா, அப்புறமா வரேன்" என்று துப்புரவு செய்யும் பெண்ணின் குரல் கேட்டது. தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தமும் கேட்டது.

கதவில் காதை வைத்தபடி நின்றாள் அக்கா. தட்டியவர் திரும்பிப் போவது என்ற ஒன்றை அவள் வீட்டில் கண்டதில்லை. அங்கே தட்டினால் வருவார்கள், தட்டாமலும் வருவார்கள். சாயங்காலம்வரை அவள் கடலைக்கூடப் பார்க்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூடையில் வைத்திருந்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தின்றாள். யாருக்கும் நீட்டவில்லை. ஐந்து மணிக்குக் கணவர் வந்து வெளியே கூப்பிட்டபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. பின்னால் ஒரு வெள்ளை வளைவு. அவர் படம் எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இவள் இப்படிச் சிரிப்பாளா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் அவளுக்குப் பின்னாலிருந்த வளைவைப் பார்த்தார். தீர்ந்தது.

எடுத்த நானூற்றுப் பன்னிரண்டில் கதவின் உள்பக்கம் மட்டும் ஒன்றில்கூட இல்லை.

ஊர் திரும்பிய வாரமே டிசைனர் வந்துவிட்டாள். காதுக்கொரு அளவில் தோடு போட்ட சின்னப் பெண். சுவரைக் கண்டால் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பாள், பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டுவாள். அவள் தலையாட்டிய சுவரெல்லாம் ஒரு மாதத்தில் தரைமட்டம். குளியலறைக்குத் தள்ளுகிற கண்ணாடி வந்தது; பனி படர்ந்த மாதிரி கண்ணாடி, தாழ்ப்பாள் கிடையாது. ரிசார்ட் குளியலறையிலும் தாழ்ப்பாள் இல்லையாம். மாமியார் குளிக்கப் போனால் இப்போதெல்லாம் விடாமல் இருமிக்கொண்டே குளிக்கிறார். இருமல் நின்றால் வெளியே வரப்போகிறார் என்று அர்த்தம்.

அக்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவள் பயமெல்லாம் ஒரே ஒரு கதவைப் பற்றித்தான்.

சமையலறைக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று இருந்தது. ஆறடிக்கு நாலடி. பழைய மரக்கதவு, உள்ளே ஒரு கொண்டி. தினம் நாலு மணிக்கு அக்கா அதற்குள் போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியில் அரைமணி நேரம் உட்காருவாள். என்ன செய்வாள்? தெருவே தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி. பக்கத்து வீட்டு போஸ்ட்டம்மா, தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர், நகை எண்ணுகிறாள் என்றார். மாமியார் வெளியிலிருந்து, "என்னம்மா பண்றே உள்ளே?" என்பார். "டப்பா தேடறேன் அத்தை" என்று பதில் வரும். ஒன்பது வருஷமாக ஒரு டப்பா கிடைக்கவில்லை. உள்ளே நடந்தது இவ்வளவுதான்: ஒரு பிஸ்கட் தின்றாள். சுவரைப் பார்த்தாள். ரிசார்ட்டில் அவளுக்குக் கிடைத்தது அந்த அரைமணியின் பெரிய அளவு, அவ்வளவுதான்.

டிசைனர் சாமான் அறைச் சுவரைத் தட்டித் தலையாட்டிய அன்று அக்கா வாயைத் திறந்தாள். தட்டில் சோறு விழுந்த பிறகுதான் கணவர் காது கேட்கும் என்பதால் அதுவரை காத்திருந்தாள்.

"ஏங்க, அந்த ஒரு கதவு மட்டும் இருக்கட்டும்."

"எந்தக் கதவு?"

"சாமான் ரூம் கதவு."

"அப்படி என்ன இருக்கு அதுக்குள்ள?"

அக்கா யோசித்தாள். "ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத ரூமுக்குக் கதவு எதுக்கும்மா?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல். "நீ அங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தே! உனக்காகத்தானே இத்தனையும்."

அக்கா ரசத்தை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை தச்சர் வந்து கதவைக் கழற்றினார். வியாழக்கிழமையே அக்கா வாளியைக் கழுவி வெளியே வைத்துவிட்டாள்.

வேலை முடிந்த பிறகுதான் வீடு என்பது எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரிந்தது. சுவர் இருந்தபோது ஐந்து அறை. இப்போது ஒரே அறை, அதில் எங்கே நின்றாலும் நடுவில் நிற்கிற மாதிரி. மாமியார் திண்டில் சாய்ந்து டிவி பார்ப்பார். விளம்பரம் வந்தால் தலையை இரண்டு அங்குலம் திருப்பினால் போதும், மருமகள். "உப்பு இப்பதானே போட்டே?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பார். வட்ட ஜன்னல் வழியாகத் தெரு வேறு. அக்கா கொட்டாவி விட்டால் எதிர்வரிசையில் இரண்டு பேருக்குக் கொட்டாவி வந்தது. நாலு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள் ஒருநாள். "எனக்கும் ஒண்ணு" என்றார் மாமியார். கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். வீட்டை வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஆரம்பித்தார் டைல்ஸ்காரர். காலணியைக் கழற்றிவிட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தரையைத் தடவினார்கள், வளைவை அளந்தார்கள், ஃபிரிட்ஜைத் திறந்துகூடப் பார்த்தார்கள். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு சமையல் மேடைக்குப் பின்னால் சிரித்தபடி நிற்கவேண்டும். சுவர்ப் பூச்சைப் பார்க்க வந்த ஒருவர் அவளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்களும் இதோட வருவாங்களா?" என்று ஜோக்கடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். டைல்ஸ்காரர்தான் அதிகம் சிரித்தார்.

மறுநாள் மிச்ச வேலைக்கு வந்த தச்சரிடம் காப்பியைக் கொடுத்துவிட்டு, அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பழைய கதவை என்ன பண்ணினீங்க?"

"பின்னால சாத்தி வெச்சிருக்கேன்மா. விறகுக்குத்தான் ஆகும்."

"மோட்டார் ரூமுக்கு மாட்டிக் குடுங்க. கொண்டி உள்பக்கம் வரணும்."

கொல்லைப்புறத்தில், மதிலை ஒட்டி, பழைய மோட்டார் அறை. புது மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கியதிலிருந்து காலி. நாலடிக்கு நாலடி, மேலே தகரம், உள்ளே கிரீஸ் வாசனை. வெயில் ஏறினால் அடுப்புதான். தச்சர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மாட்டினார். தெருவில் கேள்வி கேட்காத ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது.

பத்து நாள் அக்காவுக்கு நாலு மணி திரும்பக் கிடைத்தது. வேர்த்து ஒழுகியது. பரவாயில்லை. பதினோராம் நாள் டைல்ஸ்காரர் துணி காயப்போடும் கம்பிக்கு வேறு இடம் தேடிக் கொல்லைப்பக்கம் வந்தார், கதவைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அடடா" என்றார். போனை எடுத்தார். "பழைய மரம், வெள்ளைச் சுவர். கடற்கரைக் குடிசை மாதிரியே இருக்கு. உனக்கு எப்படிம்மா தோணிச்சு?"

டிசைனரும் வந்து பார்த்தாள். முதல்தடவையாகத் தலையை ஆட்டவில்லை. கதவுக்கு நீலம், வழிக்குக் கூழாங்கல், உள்ளே ஒரு விளக்கு என்றாள். வருகிற ஞாயிறு எல்லோருக்கும் காட்டிவிடலாம், திங்கட்கிழமை கொண்டியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி போடலாம் என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. அக்காவிடம் கேட்டார்களா என்றால், நீலத்தில் எந்த நீலம் என்று கேட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். அக்கா மேடைக்குப் பின்னால் நின்று சிரித்தாள். நாலு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு, மாமியாரைத் தாண்டி, எட்டுப் பேரைத் தாண்டி, கூழாங்கல்லில் நடந்து போய், நீலக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொண்டி விழும் சத்தம் போஸ்ட்டம்மாவின் மாடிவரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் டைல்ஸ்காரர் கூட்டத்தை அங்கே அழைத்து வந்தார். "இதுதான் நம்ம ஸ்பெஷல்" என்று கதவைத் தள்ளினார். நகரவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் தள்ளினார். பிறகு தட்டினார்.

"ஆள் இருக்கு" என்றது உள்ளேயிருந்து குரல்.

அந்த இரண்டு வார்த்தைக்கு மதிப்புத் தராத மனுஷர் எங்கேயும் கிடையாது. எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருவர் மதிலை ஆராய்ந்தார். ஒரு அம்மா குழந்தையின் கண்ணைப் பொத்தினாள், எதற்கென்று தெரியாமலே.

டைல்ஸ்காரர் கதவின் இடுக்கில் வாயை வைத்து, "நான்தாம்மா" என்றார்.

"தெரியுது. ஆள் இருக்கு."

பிஸ்கட் உடையும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தால் எட்டு ஜோடிக் கண்கள். ஏதாவது சொல்லியாகவேண்டும்.

"பாத்ரூம்" என்றார். "ரிசார்ட்ல எல்லாம் இப்படி வெளியிலதான் இருக்கும்."

எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். ஒருவர் அதே மாதிரி தன் வீட்டுக்கும் வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொண்டார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. திங்கட்கிழமை வந்த தச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமைத் தோட்டத்தில் வைத்திருப்பதாக ஊர் பேசினால் கடை என்ன ஆவது? அது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தைக் கூழாங்கல் பாதைக்கு இப்பாலேயே நிறுத்திவிடுகிறார். அக்கா மற்ற நேரமெல்லாம் வளைவுகளுக்கு நடுவே எல்லோர் கண்ணிலும் பட்டபடி நிற்கிறாள். நாலு மணிக்கு மட்டும் தகரத்துக்குக் கீழே போய் வேர்க்கிறாள்.

அன்றாடம் அரைமணி நேரம் அந்த அறையிலேயே கிடக்கிறாளே, பாவம், வயிறு சரியில்லை போல என்று தெருவில் பேச்சு. போஸ்ட்டம்மா மனசு கேட்காமல் ஒரு மருந்துப் பாட்டிலை மதிலுக்கு மேலே நீட்டி, வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் சாப்பிடச் சொன்னார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அது இப்போது மோட்டார் அறையில், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி திறக்காமல் இருக்கிறது. போஸ்ட்டம்மா அடிக்கடி, "இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார்.

"இன்னும் சரியாகலை" என்கிறாள் அக்கா.