வாய் திறந்த எழுத்து

லாண்ட்ராடா எழுதும் லத்தீன் 'ஆ' எப்போதும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். இரண்டு பிறைகளை ஒட்டவைத்த மாதிரி. அவள் எழுதும் 'ஊ'வும் ஏறக்குறைய அதேதான். கன்னியர் மடத்தில் இருபது வருஷமாக அதைத்தான் படித்தார்கள். இப்போது மேற்கிலிருந்து புது எழுத்து வந்துவிட்டது. சின்னது, உருண்டை. அதில் 'ஆ' முதுகை வளைத்து வாயை மூடிக்கொள்ளும்.

மடத்தலைவி ஆன்ஸ்கார்டா ஈஸ்டர் அன்றே சொல்லிவிட்டார்.

"உன் எழுத்தை எவனாவது தப்பாப் படிச்சான்னு இன்னொரு தடவை என் காதுல விழட்டும். எழுதுற இறகைச் சின்னவ டோடாகிட்ட குடுத்துட்டு நீ வாத்துக் கொட்டகைக்குப் போ."

"வாத்துக்கு என்னம்மா எழுதணும்?"

"எழுத வேண்டாம். இறகு பிடுங்கணும்."

லாண்ட்ராடா பயந்துபோனாள். எழுதுகிற ஆட்டுத்தோலில் வரிசையாகத் துளை குத்தி, மழுங்கிய முனையால் கோடு இழுத்து, பக்கம் பக்கமாகப் புது எழுத்துப் பழகினாள். படியெடுத்த வேதாகமச் சங்கீதப் புத்தகத்தில் ஒரு 'ஆ' கூட வாய் திறக்கவில்லை. அவசரமாக எழுதினால் மட்டும் கை பழைய வீட்டுக்கே போனது.

மடத்துக் கடிதங்களை அவசரமாகத்தான் எழுதினாள். ஓரம் வெட்டிய துண்டுத் தோல், அதிலும் முன்பு மயிர் இருந்த மஞ்சள் பக்கம். யார் பார்க்கப்போகிறார்கள்?

திராட்சை அறுவடை நாளில் டோடா, எழுதும் அறைக்குள் ஓடி வந்தாள். அங்கே ஓடக்கூடாது. பேசவும் கூடாது. டோடா இரண்டையும் செய்தாள்.

"அக்கா, ஆத்துக்கு அக்கரை மடத்துச் சகோதரர்கள்கிட்ட ஆப்பிள் மரம் கேட்டு எழுதினியே. வந்துடுச்சு."

"நல்லது."

"நாலு காலோட வந்திருக்கு."

லாண்ட்ராடா ஜன்னலுக்குப் போனாள். முற்றத்தில் ஒரு கோவேறு கழுதை நின்றது. நான்கு கால்களிலும் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. பக்கத்தில் சகோதரர் ட்ரோகோ, முழங்கால் வரை சேறு, கையில் கயிறு.

தலைவி திராட்சை மிதிக்கும் தொட்டி அறைக்குள் இருந்தார். உள்ளிருந்தே குரல் வந்தது.

"வந்தாச்சா? வெயில்ல வைக்காதீங்க! குழி தயாரா இருக்கு. இறக்கிடுங்க."

"குழியிலயா அம்மா?" என்றார் ட்ரோகோ.

"பின்ன, கூரை மேலயா? பாதி வரைக்கும் மண்ணு தள்ளி, சாணி போட்டு, நல்லா மிதிச்சு விடுங்க."

"உயிரோடவா?"

"செத்ததை எதுக்குய்யா நடணும்?"

ட்ரோகோ கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். டோடா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாண்ட்ராடா வாயில் முக்காட்டைத் திணித்துக்கொண்டாள். பிறகு வாத்துக் கொட்டகை ஞாபகம் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

தலைவி வெளியே வந்தார். கழுதையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். ட்ரோகோ நீட்டிய கடிதத்தைப் படித்தார். பிறகு லாண்ட்ராடாவைக் கூப்பிட்டு அதை அவள் கையில் கொடுத்தார்.

"சத்தமாப் படி."

லாண்ட்ராடா படித்தாள். "'நீங்கள் கேட்டபடி நல்ல கோவேறு கழுதை ஒன்று அனுப்புகிறோம். அடிப்பகுதியை ஈரச் சாக்கால் சுற்றச் சொல்லியிருந்தீர்கள். சுற்றியிருக்கிறோம். மூன்றாம் வருஷம் பலன் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். கோவேறு கழுதை குட்டி போட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் ஜெபத்தில் எங்களுக்கு நம்பிக்கை உண்டு.'"

கடைசி வார்த்தை அழுகிற குரலில் வந்தது. அழுகை இல்லை, அடக்கிய சிரிப்பு.

"லத்தீன்ல ஆப்பிள் மரத்தைன்னு எப்படி எழுதுவே?" என்றார் தலைவி.

"'மாலும்', அம்மா."

"கோவேறு கழுதையை?"

"'மூலும்'."

"நடுவுல என்ன?"

"என்னோட 'ஆ'."

தலைவி கையை நீட்டினார். லாண்ட்ராடா காதில் செருகியிருந்த இறகை எடுத்துக் கொடுத்தாள். சீவுகிற கத்தியையும் கொடுத்தாள். கை விரல்களில் மை மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேட்டில் திராட்சை வண்டி நின்றுவிட்டது. கோடையில் எருது செத்ததிலிருந்து எட்டுப் பெண்கள்தான் தள்ளினார்கள். யாரோ கழுதையின் சாக்கை அவிழ்த்து, அதை ஓட்டிப்போய் நுகத்தில் பூட்டினார்கள். அது காதை ஒரு தடவை ஆட்டியது. வண்டி மேட்டில் ஏறியது, முற்றத்துக்குள் வந்தது, தொட்டி அறை வாசலில் நின்றது. எட்டுப் பேரும் வெறுங்கையோடு பின்னால் ஓடிவந்து கை தட்டினார்கள்.

தலைவி வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்," என்றார் ட்ரோகோ. "குழி எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அது வேற விஷயம்."

எழுதும் அறையில் டோடா உட்கார்ந்தாள். தலைவி சொல்லத் தொடங்கினார். "'நாங்கள் கேட்ட...'" நின்றுவிட்டார். "கேட்ட 'மூலும்' வந்ததுன்னு எழுதினா பொய். நாம அதைக் கேக்கலை."

"'மாலும்' வந்ததுன்னு எழுதினா?"

"அதுவும் பொய். அது வரலை."

"உண்மையை எழுதினா கழுதையைத் திருப்பி அனுப்பணும்," என்றாள் டோடா. இறகை மைக்கூட்டின் மேல் பிடித்தபடி யோசித்தாள். "நான் எழுதினா ரெண்டுல ஒண்ணுதான் வரும்மா. என் 'ஆ' வாயை மூடிக்குது. அக்கா எழுதினா ரெண்டும் வரும். அவங்க இஷ்டம் போலப் படிச்சுக்கட்டும்."

தலைவி வாசலைப் பார்த்தார். லாண்ட்ராடா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பழைய எழுத்து மறந்துடுச்சா?"

"இல்லம்மா."

"வந்து உக்காரு."

லாண்ட்ராடா இறகை வாங்கி எழுதினாள். வாயை நன்றாகத் திறந்து, ஆற்றுத் தண்ணீரே உள்ளே போகிற மாதிரி. நாங்கள் கேட்ட 'மாலும்', இல்லை 'மூலும்', வந்து சேர்ந்தது. மிக நல்லது. நன்றாகச் சாப்பிடுகிறது.

"சாப்பிடுறதை எழுதாதே!" என்றார் தலைவி. லாண்ட்ராடா கத்தியால் அந்த வரியைச் சுரண்டினாள். அவள் தோள் குலுங்கியது. டோடாவுக்கும் குலுங்கியது. தலைவி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் முதுகும் சும்மா இல்லை.

"மரம் கேக்கணுமே அம்மா?"

"கீழே கேளு. அதைப் புது எழுத்துல."

நவம்பரில், மார்ட்டின் திருநாளன்று ட்ரோகோ ஆப்பிள் கன்றோடு வந்தார். வேரில் ஈரச் சாக்கு. சாக்கில் ஒரு துண்டுத் தோல். மடத்தலைவி அதைப் படித்துவிட்டு நேராக எழுதும் அறைக்கு வந்து லாண்ட்ராடாவின் பலகை மேல் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ."

'இது வண்டி இழுக்காது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.'

அக்கரைக்காரர்கள் எழுதிய எல்லா 'ஆ'வும் வாயைத் திறந்துகொண்டிருந்தன.