சாவு வீட்டில் எரிந்த அடுப்பு

நுன்சியாவின் புருஷன் கலோஜெரோ முன்னறையில் சவப்பெட்டிக்குள் கிடந்தான். சமையலறையில் சாராய அண்டாவின் கீழே தீ எரிந்துகொண்டிருந்தது. முந்தாநாள் அந்த அண்டாவின் மூடி வெடித்துத்தான் அவன் வெந்து செத்தான். சவப்பெட்டி வருவதற்கு முன்பே புது மூடி வந்துவிட்டது. மதுவிலக்கு வந்ததிலிருந்து சிகாகோவின் அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு இதுதான் பிழைப்பு. அண்டாவும் லாபமும் சாராய முதலாளி வஸ்ஸால்லோவுக்கு, கொப்புளம் மட்டும் வீட்டுக்காரனுக்கு.

சிசிலிக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு மரியாதையாவது அவனுக்குக் கிடைக்கட்டும் என்று நுன்சியா கேஸ் குழாயைத் திருகி அணைத்தாள்.

அப்போதுதான் வஸ்ஸால்லோ ஒரு தட்டு மக்ரோனியோடு வந்தான். தொப்பியைக் கழற்றி, பிணத்தின் நெற்றியில் முத்தமிட்டான். கையோடு சமையலறையையும் எட்டிப் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, தீ அணைஞ்சிருக்கு?"

"மூணு நாள் எரியாது. உங்க வீட்டுச் சாவுல எரிய விடுவீங்களா?"

"ஊறல் பதமா இருக்கும்மா. வீணாப் போயிடும்."

செத்தவனின் தம்பி நோஃப்ரியோ தீக்குச்சியை உரசினான். "அண்ணன் இருந்தா அவரே பத்தவைக்கச் சொல்லியிருப்பாரு, அண்ணி."

"நீ பேசாத. உன் மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது."

அவன் பற்றவைத்தான். முன்னறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர்கள் வீடுகளிலும் அண்டாக்கள் இருந்தன.

பிணத்தைக் கழுவிய தண்ணீர் இன்னும் கொட்டப்படாமல் மூலையில் வாளியில் இருந்தது. உரிந்த தோல் அதில் மிதந்தது. நுன்சியா வாளியைத் தூக்கி அத்தனையையும் ஊறல் பீப்பாயில் கவிழ்த்தாள்.

"இப்பக் காய்ச்சுங்க."

நோஃப்ரியோ வாயைப் பொத்திக்கொண்டான். வஸ்ஸால்லோ குனிந்து பார்த்தான். முகம் சுளிக்கவில்லை. இரண்டு விரலால் எதையோ எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, துடுப்பை எடுத்து நிதானமாகக் கிளறினான்.

"கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான், தங்கச்சி. குடிக்கப்போறவன் நம்ம ஆளா என்ன?"

நுன்சியா கொழுந்தனைப் பார்த்தாள். அவனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். அவன் வாயிலிருந்து கையை எடுத்தான், மூக்கைச் சிந்தினான், குனிந்து தீயைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.